நண்பர்கள் கூடும் நாளுக்கு இனிப்புத் தட்டு அடுக்குவது எப்படி?

பிறந்தநாளோ, வேலை கிடைத்த சந்தோஷமோ, ரொம்ப நாள் கழித்து எல்லோரும் கூடும் சாயங்காலமோ, நண்பர்கள் வரும் வீட்டில் ஒரு பெரிய இனிப்புத் தட்டு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழம், சாக்லேட், பிஸ்கட், கேக் துண்டு, முந்திரி, பாதாம் போன்ற வறுத்த பருப்பு, தொட்டுக்கொள்ள இரண்டு கிண்ணம் என்று ஒரே பலகையில் அடுக்கி நடுவில் வைத்துவிட்டால், வந்தவர்கள் பேசிக்கொண்டே பிடித்ததை எடுத்துச் சாப்பிடுவார்கள். யாரும் நின்று பரிமாற வேண்டியதில்லை. சமையல் தெரியாதவர்களும் செய்யலாம். நினைத்தால் அடுப்பைப் பற்ற வைக்காமலே முழுத் தட்டையும் முடித்துவிடலாம்.

முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் தட்டு அழகாக வருமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். அழகு பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது சுலபம். அதற்கு முன்னால் சுவைக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். தட்டில் இருப்பதில் பாதிக்கு மேல் தித்திப்பாக இருக்கக் கூடாது. ஒரே சுவையைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் வயிறு நிறைவதற்கு முன்பே நாக்கு சலித்துவிடும். நடுவில் ஒரு புளிப்போ உப்போ கசப்போ வந்தால் அடுத்த இனிப்பு மறுபடி முதல் துண்டு மாதிரி ருசிக்கும். வெறும் மிட்டாயும் கேக்கும் குவித்த தட்டு பார்க்க எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், ஆளுக்கு நாலு துண்டு எடுத்தபின் அப்படியே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

வாங்கப் போகுமுன் கேட்க வேண்டியவை

எத்தனை பேர், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, குழந்தைகள் உண்டா, யாருக்காவது எதாவது ஒத்துக்கொள்ளாதா? இந்த நான்கையும் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் எல்லோரிடமும் கேளுங்கள். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் வகைகள், பால், முட்டை, கோதுமை, எள், சோயா ஆகியவை ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குபவை, இவற்றில் பலவும் இந்தத் தட்டில் ஏறக்கூடியவை. பருப்பு ஒவ்வாமை உள்ளவர் வருகிறார் என்றால் பருப்பை ஓரமாக ஒதுக்கி வைப்பது போதாது. எல்லோரும் ஒரே இடுக்கியால் எடுக்கும்போது தூள் எல்லா இடத்துக்கும் போய்விடும். ஒன்று, தட்டில் பருப்பே வேண்டாம். அல்லது அவருக்கென்று தனித் தட்டு, சுத்தமான கத்தியும் பலகையும் வைத்து முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சாக்லேட், பிஸ்கட் உறையின் பின்பக்கத்தைப் படிக்கவும் மறக்காதீர்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வந்தால் இன்னொன்று. மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலான கம்மி மிட்டாய்களிலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் சேர்த்துச் செய்தவையும் கிடைக்கின்றன. மெரிங்கே என்ற மொறுமொறு இனிப்பு முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்துச் செய்வது.

சின்னக் குழந்தைகள் இருந்தால் திராட்சையை முழுதாக வைக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும், முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்புக்கும் இதே ஆபத்து உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

அளவு

சாப்பாடு முடிந்தபின் வைக்கும் தட்டு என்றால் ஆளுக்கு 120 முதல் 150 கிராம் போதும். தட்டு மட்டும்தான் விருந்து என்றால் 250 கிராம் வரை போகும். பத்துப் பேருக்கு, சாப்பாட்டுக்குப் பின் வைப்பதற்கு நான் போடும் கணக்கு இது:

- பழங்கள்: 550 கிராம்
- பிஸ்கட், பிரௌனி, கேக் துண்டுகள்: 300 கிராம்
- சாக்லேட் வகைகள்: 200 கிராம்
- வறுத்த பருப்பு, உப்புத் தீனி: 150 கிராம்
- தொட்டுக்கொள்ளும் கிரீம், சாஸ்: 150 கிராம்

பழம்தான் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள். சாக்லேட்டைக் கூட்டிப் பழத்தைக் குறைக்கத் தோன்றும், செய்யாதீர்கள். பலகை 40 செ.மீ. விட்டமுள்ள வட்டமாகவோ, சுமார் 30க்கு 45 செ.மீ. செவ்வகமாகவோ இருந்தால் இந்த அளவு நிறைவாகத் தெரியும். பெரிய பலகையில் கொஞ்சமாகப் பரப்பினால் ஏற்கெனவே யாரோ சாப்பிட்டுப் போன மிச்சம் போலத் தெரியும். சின்னதில் நெருக்கி அடுக்குவதே மேல்.

பலகை மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெரிய பீங்கான் தட்டு, விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளம், பேக்கிங் டிரே எல்லாமே சரி. வார்னிஷ் அடித்த மரம், உணவுக்கானதுதானா என்று தெரியாத பலகை என்றால் மேலே பேக்கிங் காகிதம் விரித்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை உணவில் ஏறும்.

இருபது பேருக்கு மேல் வருகிறார்கள் என்றால் ஒரே பெரிய தட்டுக்குப் பதில் இரண்டு தட்டுகளை அறையின் இரண்டு பக்கம் வையுங்கள். கூட்டம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாது.

எதை எதை எடுப்பது

ஐந்து பிரிவாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வகை எடுத்தால் போதும். மொத்தம் பன்னிரண்டு வகையைத் தாண்ட வேண்டாம். வகை கூடக் கூட ஒவ்வொன்றிலும் ஒரு பிடிதான் இருக்கும், ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு மிஞ்சாது.

புளிப்புக்கு ஸ்ட்ராபெரி, கிவி, பச்சைத் திராட்சை, ஆரஞ்சுச் சுளை, மாதுளை முத்து. கசப்புக்கு 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லேட், லேசாக வறுத்த வால்நட். உப்புக்கு பிரெட்ஸல் (உப்புத் தூவிய முடிச்சு வடிவ பிஸ்கட்), உப்பு போட்ட பிஸ்தா அல்லது முந்திரி, கெட்டியான சீஸில் சின்னச் சதுரங்கள். சீஸ் என்றதும் தயங்குவார்கள். ஒரு துண்டு சீஸோடு ஒரு திராட்சை, ஒரு சொட்டுத் தேன் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், தயக்கம் போய்விடும். மொறுமொறுப்புக்கு மெல்லிய பிஸ்கட், வேஃபர், மெரிங்கே. இவற்றுக்கெல்லாம் நடுவில்தான் முழு இனிப்பு: பிரௌனி, பால் சாக்லேட், பேரீச்சை, உலர் அத்தி, ஒரு வகை மிட்டாய்.

பழத்தில் விலையைவிடப் பருவத்தைப் பாருங்கள். பருவத்தில் நன்றாகப் பழுத்த சாதாரணப் பழம், தூரத்திலிருந்து வந்த காயான ஸ்ட்ராபெரியை விட எத்தனையோ மடங்கு நல்லது. வாழைப்பழத்தையும் தர்பூசணியையும் நான் தட்டில் சேர்ப்பதில்லை: முதலாவது வெட்டியதும் கறுக்கும், இரண்டாவது தண்ணீர் விட்டுப் பக்கத்தில் உள்ளதையெல்லாம் நனைத்துவிடும்.

அன்னாசியும் கிவியும் வைக்கலாம், ஆனால் கிரீம் மேலோ தயிர் மேலோ போட்டு வைக்காதீர்கள். சமைக்காத அன்னாசியிலும் கிவியிலும் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. பால் பொருளோடு கலந்து கொஞ்ச நேரம் இருந்தால் கசந்துவிடும். சாப்பிடும்போது தொட்டுக்கொள்வதில் ஒன்றும் ஆகாது.

வீட்டில் செய்ய ஒன்றிரண்டு

எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் தப்பில்லை. ஆனாலும் ஒரு சாஸும் ஒரு சாக்லேட் பட்டையும் நம் கையால் செய்தால் தட்டின் தரமே மாறிவிடும், இரண்டும் அரை மணி நேர வேலைதான்.

*சாக்லேட் சாஸ்.* டார்க் சாக்லேட் 100 கிராமைப் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போடுங்கள். 100 மில்லி கிரீமை ஓரத்தில் குமிழ் வரும் வரை மட்டும் சூடாக்கி, அதன் மேல் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, அப்புறம் நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம். எண்ணெய் பிரிந்து திரிதிரியாகத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். வெள்ளைச் சாக்லேட்டில் செய்வதானால் கிரீமைப் பாதிக்கும் குறைவாக எடுங்கள். அதில் கோகோ வெண்ணெய் மட்டும்தான் உண்டு, கோகோத் தூள் பகுதி கிடையாது என்பதால் சம அளவில் ஓடி வழியும்.

*சாக்லேட் பட்டை.* 200 கிராம் சாக்லேட்டைக் கிண்ணத்தில் போட்டு, லேசாகக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் சாக்லேட் இறுகிக் கட்டிகட்டியாகிவிடும், அதனால் ஸ்பூன்கூட ஈரமில்லாமல் இருக்கட்டும். மைக்ரோவேவ் என்றால் முப்பது முப்பது வினாடியாக வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கலக்க வேண்டும். உருகியதைப் பேக்கிங் காகிதத்தில் மெல்லியதாகப் பரப்பி, மேலே பிஸ்தாத் தூள், உலர் பழம், கொஞ்சம் கல் உப்புத் தூள் தூவி இறுகவிடுங்கள். அப்புறம் கையால் ஒழுங்கற்ற துண்டுகளாக உடைத்தால் போதும்.

தித்திப்பு குறைந்த இன்னொரு கிண்ணமும் வேண்டும். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் அல்லது கிரீம் சீஸில் இரண்டு ஸ்பூன் தேன், எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம் சேர்த்து அடித்தால் பழத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை.

எந்த வேலை எப்போது

உலர்ந்த பொருட்களை இரண்டு நாள் முன்பே வாங்கி வைக்கலாம். முந்தின நாள் பருப்பைக் கனமான வாணலியில் சிறு தீயில் வறுத்து, முழுக்க ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப்போகும். சாஸ், சாக்லேட் பட்டையும் அன்றே. பிரௌனியைக் குளிரவைத்து, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தால் ஓரம் உதிராது. துண்டுகள் ஒரே வாயில் போடும் அளவு, அதாவது இரண்டரை முதல் மூன்று செ.மீ. சதுரம் இருக்கட்டும். கையில் தட்டு இல்லாமல் நின்றபடி பேசுகிறவரால் பெரிய துண்டைச் சமாளிக்க முடியாது.

பழத்தை விருந்தன்று கழுவுங்கள், முந்தின நாள் அல்ல. ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவிவிட்டு அப்புறம்தான் காம்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சப்பென்று ஆகிவிடும். கழுவிய பழத்தைத் துணியில் பரப்பி முழுக்க உலரவிடுங்கள். இந்த உலர்த்தும் வேலையைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஈரப் பழம் பக்கத்து பிஸ்கட்டைக் கெடுக்கும், சாக்லேட்டில் முக்கினால் ஒட்டாது.

ஆப்பிள், பேரிக்காயைக் கடைசியில் வெட்டுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றும் பழத்தின் நொதியும் சேர்ந்து பழுப்பாக்குகின்றன. ஒரு கப் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்தால் தாமதமாகும். புளிப்பு வேண்டாம் என்றால் ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் உப்புக் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அலசி எடுங்கள், உப்பு தெரியாது. எதில் ஊறவைத்தாலும் எடுத்துத் துடைத்தபின்தான் தட்டுக்கு.

வெட்டிய பழத்தின் மேல் சர்க்கரைத் தூள் தூவி வைக்காதீர்கள். சர்க்கரை பழத்திலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். அரை மணியில் தட்டில் பாகு ஓடும்.

அடுக்கும் வரிசை

விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஆரம்பியுங்கள். கையைக் கழுவி, எல்லாப் பொருளையும் தனித்தனிக் கிண்ணத்தில் எதிரே வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதலில் சாஸ் கிண்ணங்களை வையுங்கள், நிரப்பாமல். இரண்டு அல்லது மூன்று கிண்ணம், ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் முன்பின்னாக. ஈரமானது எல்லாம், மாதுளை முத்து உட்பட, கிண்ணத்துக்குள்தான்.

இரண்டாவது, பெரிய உருவங்கள்: பிரௌனி, பிஸ்கட் வரிசை, கொத்தாக விட்ட திராட்சை. பிஸ்கட்டை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து, கிண்ணத்தைச் சுற்றி வளைவாக ஓடவிடுங்கள். பிரௌனியைப் பரப்பாமல் குவியலாக இரண்டு மூன்று அடுக்கு ஏற்றுங்கள். உயரம் ஒரே மாதிரி இல்லாமல் ஏறி இறங்கினால்தான் தட்டு செழிப்பாகத் தெரியும்.

மூன்றாவதாகப் பழங்கள். இங்கேதான் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு எல்லாம் ஒரே மூலையில் போகாமல், இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வேண்டாம். நான்கைந்து ஸ்ட்ராபெரியைப் பாதியாக வெட்டி உள்பக்கம் மேலே தெரிய வைத்தால் மொத்தத் தட்டுக்கும் உயிர் வரும். பழத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் சாக்லேட் துண்டுகளையோ பருப்பையோ வரப்பு மாதிரி போடுங்கள், ஈரம் அந்தப் பக்கம் போகாது. பிஸ்கட் கடைசிவரை மொறுமொறுப்பாக இருப்பது இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது, அவசரமானாலும் இதை விடாதீர்கள்.

அடுத்து சாக்லேட்டும் மிட்டாயும், கடைசியில் இடுக்குகளில் பருப்பும் பிரெட்ஸலும். பலகை எங்கும் தெரியாதபடி நிறையட்டும். கிண்ணங்களில் சாஸை இப்போது ஊற்றுங்கள். ஆப்பிள் வில்லைகள் வருவதும் இப்போதுதான்.

மேலே புதினா இலை இரண்டு மூன்று கொத்து வைத்தால் போதும். பூ வைக்க ஆசை இருந்தால், சாப்பிடத் தகுந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த, மருந்து அடிக்காத பூ மட்டும் வையுங்கள். ரோஜா இதழ் சரி. ஆனால் பூக்கடையில் வாங்கியது வேண்டாம், அவை உணவுக்காக வளர்ப்பவை அல்ல. அரளிப் பூவைத் தட்டின் பக்கமே கொண்டுவராதீர்கள், அதில் எல்லாப் பாகமும் விஷம்.

எல்லாப் பொருளிலும் மூன்றில் ஒரு பங்கைச் சமையலறையில் நிறுத்திவையுங்கள். பாதி காலியானதும் நிரப்பினால், தாமதமாக வருகிற நண்பருக்கும் தட்டு நிறைந்தே இருக்கும்.

வைக்கும் இடமும் நேரமும்

நாலு பக்கமும் நின்று எடுக்கக்கூடிய மேஜையில், வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், 30 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். வெப்பமான நாளில் சாக்லேட்டை மட்டும் கடைசி நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வைப்பதே வழி. அதற்காக அடுக்கிய தட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் சாக்லேட் மேல் நீர் கோத்து, காய்ந்தபின் வெள்ளை படியும், பிஸ்கட்டும் நமுத்துவிடும். அந்த வெள்ளைப் படிவு கெடுதல் இல்லை, சாப்பிடலாம், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது.

சின்ன இடுக்கிகள், குத்தூசிகள், ஒவ்வொரு சாஸுக்கும் ஒரு ஸ்பூன், கைத்துடைக்கும் காகிதம், அப்புறம் கொட்டைகளையும் குச்சிகளையும் போட ஒரு காலிக் கிண்ணம். இந்தக் காலிக் கிண்ணத்தை மறந்தால் செர்ரிக் கொட்டை தட்டுக்கே திரும்பி வரும். பருப்பு எதிலெல்லாம் இருக்கிறது என்று சின்னச் சீட்டில் எழுதி வைப்பதும் நல்லது. குடிக்கச் சர்க்கரை போடாத டீ, காபி, எலுமிச்சை மிதக்கும் தண்ணீர் போதும். இனிப்புப் பானம் வைத்தால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட சுவைக் கணக்கு வீணாகிவிடும்.

கிரீம், சீஸ், தயிர், வெட்டிய பழம் ஆகியவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். தயிர்க் கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் வைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கும். அந்த நேரத்தைத் தாண்டிய கிரீமையும் வெட்டிய பழத்தையும் பாவம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

சமையலறையில் நிறுத்திவைத்த பழம் மிஞ்சினால் துண்டாக்கி ஃப்ரீசரில் போட்டால் அடுத்த வாரம் ஸ்மூத்திக்கு ஆகும். சாக்லேட்டும் பருப்பும் தனித்தனி டப்பாவில், ஒன்றின் வாசனை ஒன்றில் ஏறாமல். நமுத்துப்போன பிஸ்கட்டை 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, முழுக்க ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறும் வரை பொறுங்கள்.